கடல்நீர் மீன்தொட்டி பக்குவப்படுத்தல்

கடல்நீர் மீன்தொட்டி பக்குவப்படுத்தல் என்பது, புதிதாக அமைக்கப்பட்ட உப்புநீர்த் தொட்டியில் மீன்களை விடுவதற்கு முன்னர், அவற்றின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை மாற்றவல்ல நுண்ணுயிர்க் கூட்டத்தை வளர்த்தெடுக்கும் செயல்முறை ஆகும். இதன்போது தொட்டிக்குள் நைட்ரஜன் சுழற்சியின் ஒரு பகுதி நிலைபெறுவதால், மீன் வளர்ப்போர் இதனைச் "சைக்கிளிங்" என்றும் அழைப்பர். வழக்கமாக இதற்கு 4 முதல் 6 வாரங்கள் தேவைப்படும்.

புதிய தொட்டியின் நீர் நன்கு தெளிந்திருக்கலாம்; வெப்பநிலையும் உப்புத்தன்மையும் சரியாக இருக்கலாம். ஆயினும் அதில் விடப்படும் மீன்கள் சில நாட்களிலேயே இறந்துபோவதுண்டு. நிறமற்ற அம்மோனியா நீரில் சேர்ந்துகொண்டே போவதும், அது நீரின் தோற்றத்தில் எந்த மாற்றத்தையும் காட்டாததுமே இதற்குக் காரணம். இவ்வாறான இறப்பு "புதுத்தொட்டி நோய்க்குறி" எனப்படுகின்றது. பெயரில் நோய் என்று இருப்பினும் இது தொற்றுநோய் அன்று; நஞ்சேற்றம் ஆகும். இதனைத் தவிர்ப்பதே பக்குவப்படுத்தலின் நோக்கம்.

வேதியியல் அடிப்படை

அம்மோனியாவின் தோற்றமும் நச்சுத்தன்மையும்

மீன்கள் புரத உணவைச் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேற்றுகின்றன. உண்ணப்படாத உணவு, மலம், இறந்த உயிரினங்கள் ஆகியவை அழுகும்போதும் அம்மோனியா உண்டாகின்றது. கடலில் இது பெருமளவு நீரில் கலந்து நீர்த்துப்போகின்றது. மிதவை உயிரிகளும் இதனை உறிஞ்சிக்கொள்கின்றன. 200 லிட்டர் நீர் கொண்ட தொட்டியில் அதற்கு அத்தகைய போக்கிடம் இல்லை.

நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் காணப்படும். ஒன்று அயனியாகாத அம்மோனியா. மற்றொன்று அம்மோனியம் அயனி. அயனியாகாத வடிவம் செவுளின் மென்சவ்வை எளிதில் கடந்து இரத்தத்தில் சேர்வதால் மிகுந்த நச்சுத்தன்மை உடையது. அம்மோனியம் அயனியின் நச்சுத்தன்மை ஒப்பீட்டளவில் குறைவு. இவ்விரண்டின் விகிதத்தை நீரின் பி.எச். அளவும் வெப்பநிலையும் முடிவு செய்கின்றன. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அம்மோனியாவின் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8.2 உள்ள கடல்நீரிலோ அது ஏறத்தாழ 15இல் ஒரு பங்காக உயர்ந்துவிடும். எனவே நன்னீர் மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும் அதே மொத்த அளவு, கடல் மீனுக்கு உயிராபத்தாக அமையக்கூடும். பக்குவப்படுத்தல் நன்னீர்த் தொட்டிக்கும் தேவையே எனினும், கடல்நீர்த் தொட்டியில் அதனைத் தவிர்க்க இயலாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

அம்மோனியாவால் பாதிக்கப்பட்ட மீன்கள் விரைவாக மூச்சு வாங்கும், நீர்ப்பரப்பின் அருகே வந்து நிற்கும், உணவை மறுக்கும். செவுள்கள் சிவந்து வீங்குவதும் உண்டு.

நைட்ரேற்றம்

அம்மோனியாவை ஆக்சிஜனுடன் சேர்த்து மாற்றி, அதிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிரிகள் இயற்கையில் உள்ளன. இம்மாற்றம் நைட்ரேற்றம் எனப்படும். இது இரு படிகளில் நிகழ்கின்றது.

1. அம்மோனியா நைட்ரைட்டாக மாறுதல். நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்களும், ஆர்க்கியா என்னும் தனிப் பிரிவைச் சேர்ந்த சில நுண்ணுயிரிகளும் இதனைச் செய்கின்றன.
2. நைட்ரைட்டு நைட்ரேட்டாக மாறுதல். நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் முதலிய பாக்டீரியாக்கள் இதனைச் செய்கின்றன.

நைட்ரைட்டு, நைட்ரேட்டு ஆகிய இரு பெயர்களும் ஒலியில் ஒத்திருப்பினும் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். முன்னது இடைநிலைப் பொருள். பின்னது இறுதிப் பொருள். 1 மில்லிகிராம் அம்மோனியா முழுமையாக மாறினால் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் நைட்ரைட்டும், அதிலிருந்து ஏறத்தாழ 3.6 மில்லிகிராம் நைட்ரேட்டும் கிடைக்கும். சோதனையில் நைட்ரைட்டின் அளவு, தொடக்கத்தில் இருந்த அம்மோனியாவின் அளவைவிட உயர்ந்து காணப்படுவது இதனாலேயே.

நைட்ரேற்றத்திற்கு ஆக்சிஜன் பெருமளவில் தேவை. அம்மோனியா வடிவிலுள்ள 1 மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகின்றது. 25 பாகை செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மிகுதியான ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். கடல்நீரில் அது 7 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆகவே நீர் இடையறாது அசைந்துகொண்டிருப்பது இன்றியமையாதது. மேலும் இம்மாற்றத்தில் அமிலம் உண்டாவதால் நீரின் காரத்தன்மையும் சிறிது சிறிதாகக் குறையும்.

இந்நுண்ணுயிரிகள் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. பாறை, மணல், வடிகட்டி போன்ற பரப்புகளில் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. இவை மெதுவாகவே பெருகுகின்றன. ஏற்ற சூழலில் ஈ. கோலை பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரட்டிப்பாகும். நைட்ரேற்ற பாக்டீரியாக்கள் இரட்டிப்பாவதற்கு அரை நாளோ, ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகலாம். பக்குவப்படுத்தல் வாரக்கணக்கில் நீள்வதற்கு இந்த மெதுவான பெருக்கமே காரணம்.

நைட்ரேட்டு நீக்கம்

நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. எனினும் அது தொடர்ந்து சேர்ந்தால் பாசி பெருகும். பவள உயிரிகள் பாதிக்கப்படும். நுண்துளை மிகுந்த பாறையின் உட்புறத்திலும், ஆழமான மணற்படுகையின் அடியிலும் ஆக்சிஜன் எட்டாத இடங்கள் உள்ளன. அங்கு வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வளிமமாக மாற்றுகின்றன. அது நீரிலிருந்து காற்றில் கலக்கின்றது. இச்செயல் நைட்ரேற்றத்தைவிடத் தாமதமாக நிலைபெறும் என்பதால், எஞ்சும் நைட்ரேட்டு பகுதி நீர்மாற்றத்தின் மூலம் அகற்றப்படுகின்றது.

வரலாறு

கடல் உயிரினங்களை வீட்டில் வைத்துப் பேணும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டில் வளர்ச்சியுற்றன. 1846இல் ஆனா தைன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையில் எடுத்த பவள உயிரிகளை இலண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். நீரைக் கலத்திலிருந்து கலத்துக்கு ஊற்றிக் காற்றூட்டும் பணி அவர் வீட்டுப் பணிப்பெண்ணிடம் விடப்பட்டிருந்தது. வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கும் "சமநிலைத் தொட்டி" பற்றி 1850இல் எழுதினார். 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்கள் பலவற்றைத் திரட்டித் தந்த பிலிப் ஹென்றி காஸ், 1854இல் கடல்நீர்த் தொட்டி பற்றிய நூலை வெளியிட்டார்.

அக்காலத்தோர் ஆக்சிஜனையே முதன்மையாகக் கருதினர். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் பற்றி அவர்கள் அறிந்திருக்கவில்லை. 1877இல் பிரெஞ்சு அறிவியலாளர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் கழிவுநீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே மெல்லச் செலுத்தினர். ஏறத்தாழ 20 நாட்கள் எந்த மாற்றமும் நிகழவில்லை. அதன்பின் அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு தோன்றியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் நின்றுபோனது. எனவே இது உயிரிகளின் செயலே என்று அவர்கள் முடிவு செய்தனர். இன்றைய மீன்தொட்டியில் காணப்படும் காத்திருப்புக் காலம் அச்சோதனையிலேயே வெளிப்பட்டிருந்தது.

நைட்ரேற்றம் இரு படிகளில் இரு வேறு உயிரிகளால் நிகழ்கின்றது என்பதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், மேற்குறிப்பிட்ட வாரிங்டனின் மகனும் அதே பெயர் கொண்டவருமான வேளாண் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் ஆவார். தந்தை மீன்தொட்டியின் சமநிலையைத் தேடினார். அச்சமநிலைக்கு அடிப்படையான செயலை மகன் வேளாண் மண்ணில் ஆராய்ந்தார். 1890ஆம் ஆண்டளவில் உருசிய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராத்ஸ்கி இப்பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார்.

1961இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல்நீர்த் தொட்டியைப் பேணும் முறையை வெளியிட்டார். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டரே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மீன்தொட்டிகளில் இப்பணியில் நைட்ரோஸ்பைராவின் பங்கு பெரிது என்பதை 1998இல் திமோதி ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளில் காட்டினர். 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்னும் ஆர்க்கியா பிரித்தெடுக்கப்பட்டது. அம்மோனியாவை மாற்றும் ஆர்க்கியா ஒன்று தனித்து வளர்க்கப்பட்டது அதுவே முதன்முறை. பின்னர் இதன் உறவு உயிரிகள் பெருங்கடல்களில் மிகுதியாக வாழ்வது தெளிவாயிற்று. இவை மிகக் குறைந்த அம்மோனியாவையும் பயன்படுத்த வல்லவை. 2015இல், இரு படிகளையும் தனித்தே செய்யவல்ல நைட்ரோஸ்பைரா இனங்கள் இருப்பதும் அறியப்பட்டது.

தொட்டியை அமைத்தல்

இடமும் அளவும்

சிறிய தொட்டியில் வெப்பமும் உப்புத்தன்மையும் விரைவில் மாறும். கழிவும் விரைவில் செறியும். எனவே முதன்முறை அமைப்போருக்கு 150 முதல் 250 லிட்டர் கொள்ளளவு ஏற்றதாகும். 100 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி விளிம்புவரை 200 லிட்டர் கொள்ளும். அந்நீர் மட்டுமே ஏறத்தாழ 205 கிலோகிராம் எடையுள்ளது. பாறை, மணல், கண்ணாடி ஆகியவற்றுடன் எடை 250 கிலோகிராமைக் கடக்கும். ஆகவே தாங்குமேசை உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். நேரடி வெயில் படும் இடம் பாசியையும் வெப்பத்தையும் கூட்டும் என்பதால் அது தவிர்க்கப்படும்.

கருவிகள்

- நீரோட்டப் பம்பு: நீரை அசைத்து ஆக்சிஜனைக் கலக்கவும், பாறைப் பரப்புகளுக்கு அம்மோனியாவைக் கொண்டு சேர்க்கவும் பயன்படுகின்றது.
- புரத நுரைப்பிரிப்பி: நுண்ணிய காற்றுக்குமிழிகளில் ஒட்டும் கரிமக் கழிவை, அது அம்மோனியாவாக மாறுவதற்கு முன்னரே நுரையாக வெளியேற்றும்.
- வெப்பக் கட்டுப்பாடு: வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் ஏற்றது. குளிர்நாடுகளில் சூடேற்றி தேவைப்படும். சென்னை, கொழும்பு போன்ற நகரங்களில் கோடையில் நீரைக் குளிர்விப்பதே பெரிய சிக்கலாக அமையும்; அங்கு குளிர்விப்பானோ, நீர்ப்பரப்பின் மீது வீசும் விசிறியோ பயன்படுத்தப்படும்.
- ஒளிவிலகல்மானி அல்லது நீர்மமானி: உப்புத்தன்மையை அளக்க உதவும்.
- சோதனைப் பெட்டிகள்: அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு, பி.எச்., காரத்தன்மை ஆகியவற்றை அளக்கத் தேவை.
- மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு: மின்தடை நேரும் இடங்களில் இது இன்றியமையாதது. நீரோட்டம் சில மணிநேரம் நின்றாலும் மீன்களும் நுண்ணுயிரிகளும் ஆக்சிஜன் இன்றித் தவிக்கும்.

நீரும் உப்பும்

கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் சராசரியாகக் கிலோகிராமுக்கு 35 கிராம் ஆகும். இவற்றில் எடையளவில் குளோரைடு ஏறத்தாழ 55 விழுக்காடும், சோடியம் ஏறத்தாழ 31 விழுக்காடும் உள்ளன. எஞ்சியவை சல்பேட்டு, மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. எனவே சமையல் உப்பைக் கரைத்த நீர் கடல்நீர் ஆகாது. இதற்கெனத் தயாரிக்கப்படும் கடலுப்புக் கலவையே பயன்படுத்தப்படும். 200 லிட்டருக்கு ஏறத்தாழ 7 முதல் 8 கிலோகிராம் கலவை தேவைப்படும். 25 பாகை செல்சியஸில் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருப்பது இயல்பான கடல்நீரைக் குறிக்கும்.

குழாய்நீரில் குளோரின், குளோரமீன், செம்பு, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, சிலிக்கேட்டு ஆகியவை இருக்கக்கூடும். குளோரின் நுண்ணுயிரிகளைக் கொல்லும். செம்பு முதுகெலும்பற்ற உயிரினங்களுக்கு நஞ்சு. எனவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலும் அயனி நீக்க முறையிலும் தூய்மையாக்கிய நீரே விரும்பப்படுகின்றது. உப்பு தனிக் கலத்தில், நீரில் சிறிது சிறிதாக இட்டுக் கரைக்கப்படும். உப்பின் மீது நீரை ஊற்றினால், செறிவு மிகுந்த நிலையில் கால்சியம் கார்பனேட்டு வெண்படிவாகப் படிந்துவிடக்கூடும்.

தொட்டியிலிருந்து நீர் மட்டுமே ஆவியாகின்றது, உப்பு தங்கிவிடுகின்றது. ஆகவே குறையும் அளவு நன்னீரால் ஈடுசெய்யப்படும். இதற்கு உப்புநீரை ஊற்றினால் உப்புத்தன்மை நாளுக்கு நாள் ஏறும்.

பாறையும் மணலும்

பாறை அழகுக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை. கடல்நீர்த் தொட்டியின் முதன்மை வடிகட்டி அதுவே. நுண்துளைகள் மிகுந்த சுண்ணாம்புப் பாறை, நுண்ணுயிரிகளுக்குப் பெரும் பரப்பை அளிக்கின்றது. கடலிலிருந்து ஈரமாக எடுக்கப்பட்டு, உயிரிகளுடன் வரும் பாறை உயிர்ப்பாறை எனப்படும். உலர் பாறையிலோ, செயற்கையாக வார்த்த பாறையிலோ தொடக்கத்தில் நுண்ணுயிரிகள் இரா. ஆனால் தேவையற்ற புழு, நண்டு முதலியன வந்து சேரும் இடரும் இல்லை. பாறைகள் சரியாதவாறு மணலின் மீதன்றித் தொட்டியின் அடித்தளத்தின் மீதே அடுக்கப்பட்டு, பின்னர் சுற்றிலும் மணல் பரப்பப்படும். மீன்கள் மணலைத் தோண்டினாலும் அடுக்கு குலையாதிருக்க இது உதவும்.

பக்குவப்படுத்தும் முறைகள்

உயிர்ப்பாறை முறை

உயிர்ப்பாறையில் உள்ள உயிரிகளுள் சில, பயணத்தின்போது இறந்து அழுகும். அதிலிருந்து வரும் அம்மோனியா, பாறையிலேயே உள்ள நைட்ரேற்ற நுண்ணுயிரிகளுக்கு உணவாகின்றது. முன்னரே வேறு கலத்தில் பக்குவப்பட்ட பாறையாயின் காலம் பெரிதும் குறையும்.

அம்மோனியம் குளோரைடு முறை

இதில் மீன்களோ அழுகும் பொருளோ இன்றி, அம்மோனியா நேரடியாகச் சேர்க்கப்படுகின்றது. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரத்தின் வேதிப்பெயரே அம்மோனியம் குளோரைடு. எனினும் தொட்டிக்கு ஆய்வகத் தரமுள்ள தூய பொருளே ஏற்றது. 200 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா உண்டாக ஏறத்தாழ 1.25 கிராம் அம்மோனியம் குளோரைடு போதும். அம்மோனியாவின் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராமைக் கடக்க விடுவதில்லை. மிகுதியான அம்மோனியா இரண்டாம் படி நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும். அளவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த முடிவது இம்முறையின் சிறப்பு.

இறால் அல்லது மீன் உணவு முறை

பச்சை இறால் ஒன்றைத் தொட்டியில் அழுகவிட்டோ, மீன் உணவை நாள்தோறும் சிறிது இட்டோ அம்மோனியா உண்டாக்கப்படும். இது எளியது, ஆனால் எவ்வளவு அம்மோனியா வரும் என்பதைக் கணிக்க இயலாது. துர்நாற்றமும் பாஸ்பேட்டும் உடன் வரும்.

நுண்ணுயிர்க் கரைசல்

புட்டிகளில் விற்கப்படும் உயிருள்ள நைட்ரேற்ற பாக்டீரியாக் கரைசல்கள் காலத்தைக் குறைக்கக்கூடும். வெப்பத்தில் நெடுநாள் இருந்த புட்டியில் பாக்டீரியாக்கள் இறந்திருக்கலாம் என்பதால், புட்டியை மட்டும் நம்பி மீன்களை விடுவது சரியன்று. சோதனையே உறுதி தரும். நலமுள்ள பழைய தொட்டியிலிருந்து பெறப்படும் பாறைத் துண்டோ மணலோ இதே பணியைச் செய்யும்.

மீன்களைக் கொண்டு பக்குவப்படுத்தல்

முன்னர், விலை மலிவான, தாங்குதிறன் மிக்க டாம்சல் மீன்களைப் புதிய தொட்டியில் விட்டு, அவற்றின் கழிவால் சுழற்சியைத் தொடங்குவது வழக்கமாக இருந்தது. பல மீன்கள் இறந்தன. பிழைத்தவையும் செவுள் சேதத்திற்கு உள்ளாயின. மீனின்றியே அதே பயனைப் பெற இயலும் என்பதால் இம்முறை இப்போது ஏற்கத்தக்கதாகக் கருதப்படுவதில்லை.

கால வரிசை

உலர் பாறையுடன் தொடங்கும் தொட்டி ஒன்றில் பொதுவாகக் காணப்படும் போக்கு கீழே தரப்பட்டுள்ளது. வெப்பநிலை, பாறையின் தன்மை, தொடக்க நுண்ணுயிரிகளின் அளவு ஆகியவற்றுக்கேற்ப இக்காலங்கள் கூடும் அல்லது குறையும்.

- முதல் வாரம்: அம்மோனியா உயர்ந்து நிற்கும். நைட்ரைட்டு இராது.
- இரண்டாம் வாரம்: அம்மோனியா குறையத் தொடங்கும். நைட்ரைட்டு தோன்றி உயரும்.
- மூன்றாம், நான்காம் வாரங்கள்: அம்மோனியா மறையும். நைட்ரைட்டு உச்சத்தை அடையும். பல நாட்கள் குறையாமலே நிற்பதும் உண்டு. நைட்ரேட்டு காணப்படும்.
- ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: நைட்ரைட்டு விரைவாகக் குறைந்து மறையும். நைட்ரேட்டு மட்டும் எஞ்சும்.

இக்காலத்தில் விளக்குகள் அணைத்தோ குறைத்தோ வைக்கப்படும். ஒளி பாசியையே வளர்க்கும்.

சோதனையும் அதன் பிழைகளும்

சோதனை முடிவுகளைப் படிப்பதில் சில கவனங்கள் தேவை.

- பெரும்பாலான அம்மோனியா சோதனைகள் மொத்த அம்மோனியாவையே காட்டும். நச்சு வடிவின் பங்கைப் பி.எச்., வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட வேண்டும்.
- அம்மோனியாவைப் பிணைக்கும் மருந்துகள் சேர்க்கப்பட்டிருந்தால், சில சோதனைகள் பிணைக்கப்பட்ட அம்மோனியாவையும் சேர்த்துக் காட்டும்.
- நைட்ரேட்டு சோதனை பொதுவாக நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி அளக்கின்றது. ஆகவே நீரில் நைட்ரைட்டு மிகுந்திருக்கும்போது நைட்ரேட்டின் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும்.
- நைட்ரைட்டு நன்னீர் மீன்களின் இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சைத் தடுக்கும். கடல்நீரில் மிகுந்துள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுள் வழியே புகுவதைப் பெரிதும் தடுப்பதால், அங்கு அதன் நச்சுத்தன்மை குறைவு. எனினும் நைட்ரைட்டு காணப்படுவது, சுழற்சி இன்னும் முழுமையடையவில்லை என்பதற்கான அடையாளம்.

நிறைவும் முதல் உயிரினங்களும்

குறித்த நாட்கள் கடந்துவிட்டன என்பதைக் கொண்டு பக்குவம் முடிவு செய்யப்படுவதில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேர்த்த 24 மணிநேரத்திற்குள் அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் சுழியமாகத் தெரிந்தால் தொட்டி பக்குவமடைந்தது எனலாம். அதன்பின் நீரின் ஒரு பகுதி மாற்றப்பட்டு, சேர்ந்துள்ள நைட்ரேட்டு குறைக்கப்படும். மீன்களை விடுவது தள்ளிப்போனால், நுண்ணுயிரிகள் பட்டினியால் குறையாதிருக்கச் சிறிதளவு அம்மோனியா அவ்வப்போது சேர்க்கப்படும்.

நுண்ணுயிர்க் கூட்டம் தனக்குக் கிடைக்கும் உணவின் அளவுக்கே பெருகும். எனவே முதலில் ஒன்றோ இரண்டோ சிறு மீன்களும், பாசி மேயும் சில நத்தைகளும் மட்டும் விடப்படும். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மற்றவை சேர்க்கப்படும். பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள் முதல் மீன்களாகப் பெரிதும் பரிந்துரைக்கப்படுகின்றன. புதிய மீன்களைத் தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்ப்பது, கடல் வெண்புள்ளி நோய் முதலியன முதன்மைத் தொட்டிக்குள் நுழைவதைத் தடுக்கும்.

பக்குவமடைந்த பின்னரும் சில மாதங்களுக்குப் பழுப்பு நிற டயாட்டம் படலமும், அதனை அடுத்துப் பச்சைப் பாசியும் தோன்றுவது இயல்பு. இவை நுண்ணுயிர்ச் சூழல் இன்னும் நிலைகொள்ளவில்லை என்பதைக் காட்டுகின்றன. பெரும்பாலும் தாமே குறையும். எளிதில் பாதிக்கப்படும் பவள உயிரிகளை இக்காலம் கடந்த பின்னரே சேர்ப்பது வழக்கம்.

தவறான கருத்துகள்

- "தெளிந்த நீர் நல்ல நீர்": நீரின் தெளிவுக்கும் அம்மோனியாவின் அளவுக்கும் தொடர்பில்லை.
- "நீரை மாற்றினால் நுண்ணுயிரிகள் போய்விடும்": அவை பரப்புகளில் ஒட்டியுள்ளதால் நீர்மாற்றம் அவற்றைப் பெரிதும் பாதிக்காது.
- "வடிகட்டியைக் குழாய்நீரில் நன்கு கழுவ வேண்டும்": குழாய்நீரின் குளோரின், ஒட்டியுள்ள நுண்ணுயிரிகளைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே வடிகட்டியை அலசுவது ஏற்றது.
- "ஒருமுறை பக்குவமடைந்தால் போதும்": மருந்துகள், நீண்ட மின்தடை, ஒரே நேரத்தில் பல மீன்களைச் சேர்த்தல் ஆகியவை அம்மோனியாவை மீண்டும் உயர்த்தலாம்.

சூழலியலும் சட்டமும்

பெரும்பாலான நன்னீர் அலங்கார மீன்கள் பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றன. கடல் அலங்கார மீன்களில் பெரும்பகுதி இன்றும் பவளத்திட்டுகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றது. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு மீன்பிடிப்பு, மீன்களுடன் பவளங்களையும் அழித்தது. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளுக்கே உரிய பாங்காய் கார்டினல் மீன், தொட்டி வணிகத்திற்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டது. 2007இல் அது உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டது. பக்குவமடையாத தொட்டியில் இறக்கும் ஒவ்வொரு மீனுக்கும் மாற்றாக மற்றொன்று கடலிலிருந்து பிடிக்கப்படுவதால், பக்குவப்படுத்தல் தொட்டியின் உரிமையாளரை மட்டும் சார்ந்த செய்தி அன்று.

இந்தியாவில் கல்பவளங்கள், கரும்பவளங்கள், கடல்விசிறிகள், கடற்குதிரைகள், கடலட்டைகள் முதலியன 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனவே இக்கடலோரங்களில் பவளத்தையோ, பவளக்கூட்டால் ஆன உயிர்ப்பாறையையோ எடுப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். இங்கு செயற்கைப் பாறையும், சட்டத்திற்கு உட்பட்டுப் பெறப்படும் உலர் சுண்ணாம்புப் பாறையுமே ஏற்ற மாற்றுகள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களில் கோமாளி மீன்களையும் டாம்சல் மீன்களையும் பொரிப்பகங்களில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. பண்ணையில் பிறந்த மீனும் செயற்கைப் பாறையும் கொண்டு தொடங்கும் தொட்டிக்கு நுண்ணுயிரிகள் வளர்வதற்கான காலம் சற்று கூடுதலாகத் தேவைப்படும். பவளத்திட்டிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை.